பேரனுக்குச் சொன்ன பாதி பதில்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போனோம். பஸ் முப்பந்தலைத் தாண்டும்போது பேரன் கேட்டான்: "ஆச்சி, இவ்வளவு காத்தாடியையும் ஏன் இங்க வச்சிருக்காங்க?" "இங்க காத்து நல்லா அடிக்கும், அதான்" என்றேன். வகுப்பிலும் பல வருஷம் இதையேதான் சொன்னேன். அது பாதி பதில்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எந்தக் காலத்திலும் உண்டு. 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசு சோதனைக் காற்றாலைகளை நிறுவியது. ஆனால் தொண்ணூறுகளில் இவை மளமளவென்று பெருகியதற்குக் காரணம் வருமான வரிச் சட்டம்.

கணக்கு இதுதான். ஒரு மில்லுக்கு அந்த வருஷம் ஒரு கோடி லாபம் என்று வையுங்கள். அன்றைக்குக் கம்பெனி வரி 40 சதவீதத்துக்கு மேல். அந்த ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால், முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். லாபம் பூஜ்யம், அந்த வருஷம் வரியும் இல்லை. வரும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே தன் மில்லுக்கே கொண்டுபோகலாம். காற்றுக் காலத்தில் மிஞ்சியதை வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் மில்காரர்கள் முப்பந்தலுக்கு வந்தது இப்படித்தான்.

இதில் ஓர் ஓட்டையும் இருந்தது. காற்றாலையை நட்டதற்குத்தான் சலுகை, அது ஓடியதற்கு இல்லை. மார்ச் 31-க்குள் நிறுவிவிட வேண்டும் என்ற அவசரத்தில், சரியாகக் காற்று வராத இடத்திலும் நட்டவர்கள் உண்டு. பிறகு 2009-இல், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று மத்திய அரசு அறிவித்தது.

2012 ஏப்ரலோடு இரண்டும் போயின. 80 சதவீதமாக இருந்த தேய்மானச் சலுகை 15 ஆனது, ஊக்கத்தொகையும் நின்றது. முந்தைய வருஷம் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் புதிதாக நிறுவினார்கள். அந்த வருஷம் சுமார் 1,700 மெகாவாட்தான்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. என் மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், பத்தாவது முடித்தபோது அவன் அப்பா யோசனை கேட்டு வீட்டுக்கு வந்தார். "பாலிடெக்னிக்ல சேருங்க. காத்து இருக்கிற வரைக்கும் இந்த ஊர்ல வேலை இருக்கும்" என்று அடித்துச் சொன்னேன். அவர் மனைவியின் வளையலை அடகு வைத்துச் சேர்த்தார். பையனும் படித்து, காற்றாலை நிறுவும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலையில் சேர்ந்தான். 2012-இல் வேலை நின்றது. இரண்டு மாதச் சம்பளமும் வந்து சேரவில்லை.

ஒருநாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "டீச்சர், காத்து எப்பவும் போலத்தான் அடிக்குது. வேலைதான் நின்னுட்டு" என்றான். காபி கொடுத்தேன், வேறு பதில் இல்லை. 2014 பட்ஜெட்டில் அந்தத் தேய்மானச் சலுகை திரும்ப வந்தது. அதற்குள் அவன் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டான். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, அன்று உன் அப்பாவிடம் காற்றைப் பற்றி மட்டும் சொன்னேன், சட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது. மன்னித்துக்கொள்.

சலுகையே தப்பு என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் முப்பந்தலில் இத்தனை காற்றாலை வந்திருக்காது, அவனுக்கு அந்தச் சில வருஷ வேலையும் கிடைத்திருக்காது. திடீரென்று நிறுத்தியதுதான் அவனைப் போன்றவர்களைத் தள்ளிவிட்டது.

இப்போது உறவுக்காரர்கள் பலரும் மாடியில் சோலார் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. 2025 செப்டம்பரில் சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி.யும் 12-லிருந்து 5 சதவீதமானது. நல்ல விஷயம்தான். ஆனால் முதலில் உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும்போது, கொஞ்சமாகச் செலவழிக்கும் வீட்டுக்குப் போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். ஏ.சி., மோட்டார் என்று அதிகம் ஓடும் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பும்.

பேட்டரி, மின்சார வண்டி, சோலார் என்று வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாகப் போங்கள். உங்கள் கம்பெனி எந்தச் சலுகையை நம்பி நிற்கிறது, அது எந்த வருஷம் வரை என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு மீதிப் பதிலைத் திரும்பி வரும்போது சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டான்! நீங்களாவது முழுக்கப் படித்தீர்களா? காற்றாலையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்