வீட்டுப்பாடம் எழுதாததற்குத் திட்டு வாங்கும் உரிமை

எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ வெடி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்குப் போய்த் திரும்பாதவர்கள். மற்றவர்களில் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அம்மா பிழைப்புக்குத் திருப்பூர் போய், பிறகு வராமலே போனவர்களும் உண்டு. சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இது யாரையும் திடுக்கிட வைக்காது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் என்று பெரிய விபத்துகளைத்தான் வெளியூர்க்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓரிருவர் சாகிற விபத்து செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தோடு முடிந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வரும்.

சேர்க்கையின்போது, யார் செத்தார்கள் என்று பிள்ளை முன்னால் நாங்கள் கேட்பதில்லை. இப்போது யாரிடம் தூங்குகிறாய், யார் தலைவாரி விடுகிறார்கள் என்று கேட்போம். பெரும்பாலும் ஒரு பாட்டியோ சித்தியோ தாய்மாமனோ இருப்பார்கள். அப்படி ஒருவர் இருந்தால் பிள்ளை அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். பகலில் எங்களிடம் படித்தால் போதும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றுதான் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது. யாருமே இல்லாத பிள்ளையையும் நாங்களாக வைத்துக்கொள்ள முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொல்லி, குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, அவர்கள் ஆணைப்படிதான் நடக்க வேண்டும்.

ஆகவே எங்கள் வேலையில் பெரும்பகுதி மனு எழுதுவது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆனால் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அலைய எந்தப் பாட்டியால் முடியும்? எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் உடன் போவார். அந்தப் பணம் வந்தால் பாட்டி பிள்ளையை வேலைக்கு அனுப்பத் தயங்குவாள். நூறு அறிவுரை செய்யாததை அந்தத் தொகை செய்துவிடும்.

படிப்புக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டப்படி, இடையில் விட்ட பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத பத்து வயதுப் பையன் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்து என்ன செய்வான்? ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கூனிக்குறுகிப் போவான். அதனால் காலையில் தன் வயதுப் பிள்ளைகளோடு உட்காருவான். மதியத்துக்குமேல் அவனுக்குத் தனிப்பாடம். புத்தகம் கிடையாது. மளிகைச் சீட்டு, ரேஷன் அட்டை, பேருந்துப் பலகை இவைதான். 'ஏழாயிரம்பண்ணை' என்ற ஒரே ஊர்ப்பெயரில் துணைக்கால், மெய்யெழுத்து, ஐகாரம் எல்லாம் வந்துவிடுகின்றன. அதைத் தானாகப் படித்த பையன் மறுநாள் பேருந்து நிலையத்தில் நின்று, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வண்டி எங்கே போகிறதென்று சொல்லிக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு அவனைப் படிக்கச் சொல்லி யாரும் விரட்ட வேண்டியதில்லை.

புதிதாக வரும் பிள்ளைகள் சிலர் சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள். பைக்குள் புத்தகத்துக்கு நடுவே பாதி இட்லி, டவுசர் பையில் பிசைந்த சோறு. கண்டித்தால் இன்னும் ஆழமாக ஒளிப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு வகுப்பிலும் பூட்டில்லாத தகர டப்பாவில் பொரிகடலை வைத்திருக்கிறோம். யாரும் யாரையும் கேட்காமல் எடுக்கலாம். புதுப்பிள்ளை கைநிறைய அள்ளும். டப்பா காலியானால் யாரும் ஒன்றும் சொல்லாமல் நிரப்பி வைப்போம். நாளைக்கும் இது இருக்கும் என்று வயிறு நம்பிய பிறகு, அள்ளுவது தானாகக் குறையும். கணக்குப் பாடம் மண்டையில் ஏறுவது அதற்கப்புறம்தான்.

பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அவர்கள் கையில் இருக்கும் செல்போன்தான் தொந்தரவு. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது என்று முதலில் சொல்லிவிடுவோம். பிறகு, பரிமாறியவர்கள் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வரிசையில் நிறுத்தி நன்றி சொல்ல வைக்க மாட்டோம். சோற்றுக்கு நன்றி சொல்லியே வளர்கிற பிள்ளை எதையும் உரிமையாகக் கேட்கத் தயங்கும்.

புது ஆசிரியர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: இரக்கப்பட்டு வீட்டுப்பாடத்தைத் தள்ளுபடி செய்யாதீர்கள். 'பாவம், அம்மா இல்லாத பிள்ளை' என்று விட்டுவிட்டால், மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதை அவளிடம் எதிர்பார்க்கவில்லை என்பது அவளுக்கு அன்றே தெரிந்துவிடும். எழுதாமல் வந்தால் திட்டுங்கள், மறுநாள் எழுதி வாங்குங்கள். திட்டு வாங்கிய பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஊரார் கண்ணுக்கு அவள் ஒரு சோகக் கதை. பள்ளிக்குள்ளாவது கணக்கில் சொதப்புகிற, பக்கத்துப் பெண்ணோடு சண்டை போடுகிற, சாதாரண ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கட்டுமே.

திட்டுவதற்கு உரிமை வேண்டுமென்றால் ஆசிரியர் நிலைத்து நிற்க வேண்டும். ஏற்கெனவே ஆட்களை இழந்த பிள்ளைகளுக்கு, நடுவில் விட்டுப்போகும் டீச்சர் இன்னொரு இழப்பு. ஆனால் நன்கொடை தருபவர்கள் கட்டடம் கேட்டால் தருவார்கள், இனிப்பு கேட்டால் தருவார்கள். சம்பளத்துக்குக் கேட்டால் யோசிப்பார்கள். கல்வெட்டில் பெயர் வராதே! கூச்சப்படாமல் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு பள்ளி தொடங்கும் எண்ணத்தோடு யோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆசிரியர்களுக்கு ஒரு வருடச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு வாருங்கள். பெஞ்சு, பெயர்ப்பலகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.