பி 0299

காரின் கணினிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அது வண்டியை நிறுத்துவதில்லை, நொண்ட வைக்கிறது. லிம்ப் மோடு என்று அதற்குப் பெயர். சென்சார் தரும் எண் எதிர்பார்த்ததோடு ஒவ்வாதபோது, பெரிய சேதம் நேராதிருக்க இன்ஜினின் வலுவைக் குறைத்து, வீடு சேரும் அளவுக்கு மட்டும் ஓட விடுகிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால், சில வேளை ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். இந்தப் பொய்யான குணம்தான் பலரையும் குழப்புகிறது.

என் டீசல் கார் ஏற்காட்டு மலைப்பாதையில் இப்படி நொண்டியது. கீழே இறங்கி, ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டேன். ஸ்டியரிங்குக்கு அடியிலுள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார்கள். (அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு 1996இல் கட்டாயமாகி, பிறகு பிற நாடுகளுக்கும் பரவிய ஏற்பாடு இது.) திரையில் பி 0299.

"டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்."

மதிப்பீடு 60,000 ரூபாய். என் ஒன்றரை மாதச் சம்பளம். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்கிற தொனி. ஜாதகத்தில் இருக்கிறது என்பதுபோல, மறுபேச்சுக்கு இடமில்லை.

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவேயில்லை. 'பி' என்றால் இன்ஜினும் கியரும் சார்ந்தது. அடுத்த சுழி, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியெண் என்பதன் அடையாளம். 0299க்குப் பொருள், டர்போவின் காற்றழுத்தம் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. காற்று எங்கே போயிற்று என்பது அதற்குத் தெரியாது.

வேறொரு சிறிய பட்டறைக்காரர் முதலில் கேட்டது, "கோடை அழிச்சுட்டாங்களா சார்?" என்பதுதான். குறி பதிவான கணத்தின் சுற்று, சுமை, வெப்பம் ஆகியவற்றையும் கணினி சேமித்து வைக்கிறது. அழித்தால் அந்தத் தடயமும் போய்விடும். அழிக்கவில்லை. சுமை மிகுந்த ஏற்றத்தில் பதிவான குறி அது. என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் லேப்டாப்புடன் அமர்ந்தார். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் திரையில் இரு கோடுகள். சமதரையில் ஒட்டியே சென்றவை மேம்பாலம் ஏறும்போது பிரிந்தன.

திரும்பியதும் ஸ்கேனரைத் தொடவில்லை. டர்போவின் அச்சை விரலால் அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. பிறகு இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்புறத்தைத் தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. வளைத்தால் வாய் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் ஒரு வெடிப்பு.

புது ஹோஸும் கூலியும் சேர்த்து 2,300 ரூபாய். மறுபடி அதே மேம்பாலத்தில் ஏற்றி, இரு கோடுகளும் சேர்ந்தே போவதைப் பார்த்த பிறகுதான் குறியெண்ணை அழித்தார்.