வெண்டைக்காய்ப் பூ

எனக்குப் படம் வரைய வராது. இதை அடக்கத்தினால் சொல்லவில்லை. ஒரு தடவை என் கதைக்குச் சித்திரம் போட வந்த ஓவியரிடம், கதாநாயகி வீட்டுக் கொல்லையில் மாடு எந்த மூலையில் கட்டியிருந்தது என்று விளக்குவதற்காக ஒரு காகிதத்தில் கிறுக்கிக் காட்டினேன். அவர் மரியாதை தெரிந்த மனிதர். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள், ஸார்?” என்று கேட்டார்.

அப்படிப்பட்ட நான் இந்த வருஷம் பொங்கலுக்கு 32 வாழ்த்து அட்டைகளும் நாலு பரிசுப் பெட்டிகளும் படத்தோடு செய்து முடித்தேன் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டியதும் இல்லை. அதில் பாதிதான் என் காரியம். மற்றப் பாதி என் அக்காவுடையது. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

1988-ஆம் வருஷம் எனக்கு எட்டு வயசு, அக்காவுக்குப் பதினாலு. கும்பகோணத்தில் ஒரு மண்டியில் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் நடைபாதை முழுக்க வாழ்த்து அட்டைக் கடைகள் முளைத்துவிடும். கயிறு கட்டி, கொக்கி மாட்டி, ரஜினிகாந்தும் கமலஹாசனும் முருகனும் ஏர் பிடித்த உழவனும் ஒரே வரிசையில் தொங்குவார்கள். நாங்கள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். பார்ப்பதற்குக் காசு கிடையாதல்லவா?

அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. உறவு என்று 32 வீடு இருக்கிறது, பொங்கலுக்கு 32 வீட்டுக்கும் வாழ்த்துப் போகவேண்டும். அந்தப் பட்டியலை அவர் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். உறையை ஒட்டாமல் செருகி அனுப்பினால் அந்த நாளில் தபால் தலையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிந்தது. அட்டையில் எப்படி மிச்சம் பிடிப்பது என்று யோசித்தவள் அக்கா.

அப்பாவின் சிநேகிதர் அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மீந்த அட்டைத் துண்டுகள் வந்தன. மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால், எத்தனை தடித்த அட்டையும் பிசிறில்லாமல் மடியும். இது அக்காவின் கண்டுபிடிப்பு. படத்துக்கு? அதற்குத்தான் அடுக்களை இருந்ததே!

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ. ஆனால் முற்றல் காயாக இருக்கவேண்டும். பிஞ்சாக இருந்தால் அதன் வழவழப்பு மையோடு சேர்ந்து இதழ்களெல்லாம் ஒன்றாகிவிடும். பாகற்காய் வில்லை, கதிர் வீசும் சூரியன். வாழை மட்டையை நறுக்கினால் பிறை. அதற்குள் சின்னச் சின்ன அறைகளாய்ச் சல்லடை வேலை. பானை மட்டும் எந்தக் காயிலும் இல்லை. அதற்காக உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, முகத்தைத் துணியால் துடைத்து ஈரம் போக்கி, அரை பிளேடை வைத்துக்கொண்டு அக்கா செதுக்குவாள். பானை, பானைக்குப் பக்கத்தில் இரண்டு கரும்பு. மறுநாள் கிழங்கு சுருங்கிவிடும். அதனால் 32 அட்டையும் ஒரே நாளில் ஒற்றியாகவேண்டும். அம்மாவுக்கு மாத்திரம் இதில் ஒரு வருத்தம்: மை பட்ட கிழங்கு குழம்புக்கு ஆகாது.

ஒற்றிய படத்துக்குச் சாயம் பூசுவது என் உத்தியோகம். முதல் வருஷம் ஸ்டாம்ப் பாடின் ஊதா மையை உபயோகித்தோம். நான் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து மஞ்சளை வைத்ததும் பானை முழுசும் கலங்கி அழுதது. பிறகு அக்கா பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரைக் கேட்டு இந்தியன் இங்க் வாங்கி வந்தாள். அது காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. அதில் அரக்கு கலந்திருப்பதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கறுப்புக் கோடு கம்பீரமாக நிற்க, அதற்குள் நான் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் நிரப்புவேன். கோட்டைத் தாண்டினால் அக்கா தலையில் குட்டுவாள்.

இப்படி நாலு பொங்கல் நடந்தது. 1991 மாசியில் திருச்சியிலிருந்து பெரியப்பா வந்தார். வசதியுள்ளவர். கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, “ஏம்ப்பா, கடையிலே ஒன்றரை ரூபாய்க்கு வழவழன்னு வாழ்த்து விக்கிறானே, அதுகூடவா முடியலே? வெண்டைக்காயை நறுக்கி அனுப்புறியே!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பெரியப்பா கெட்டவர் அல்ல. சிரிப்பு வந்தது, சிரித்தார். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கி, கடையிலிருந்து 32 அட்டை கொண்டுவந்து போட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. முகவரிகளை மாத்திரம் அழகாக எழுதிக் கொடுத்தாள். அந்த வருஷத்தோடு அவள் பிளேடைத் தொடவில்லை.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, கதை எழுதப் புறப்பட்டவன் நான். விட்டுப்போன படிப்பை ஈடுகட்டுவதுபோல் கண்டதையும் படிப்பது என் வழக்கம். அப்படிப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அச்சிட்டு விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-இல் லண்டனில் வெளியானதாம். ஹென்றி கோல் என்பவருக்கு நண்பர்கள் அதிகம், கடிதம் எழுத நேரம் குறைவு. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் போடச் சொல்லி, கல்லச்சில் சுமார் ஆயிரம் பிரதிகள் எடுத்தார். அச்சில் வந்தது கோடு மட்டும்தான். வர்ணத்தை ஒவ்வொரு அட்டையிலும் கையால் பூசினார்கள். விலை ஒரு ஷில்லிங். இங்கிலாந்தில் 1840-லிருந்து ஒரு பென்னிக்குக் கடிதம் போகும். அதாவது, ஓர் அட்டை வாங்குகிற காசில் பன்னிரண்டு கடிதங்களைத் தபாலில் சேர்க்கலாம்!

இதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட குதூகலத்தைச் சொல்லி முடியாது. கோடு அச்சிலே, வர்ணம் கையிலே. எங்கள் கும்பகோணத்துக் கூடத்தில் நடந்ததும் அதுதானே! பெரியப்பாவிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அவர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்காவிடம் சொல்லலாம் என்று டெலிபோனை எடுத்தேன். அத்தான் பேசினார். அக்காவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார்.

உயிருக்குப் பயமில்லாமல் போயிற்று. பேச்சும் தேறிவிட்டது. வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. பிஸியோதெரபிக்கு வருகிற பெண் மிகவும் பொறுமைசாலி. பாசிப்பயறைப் பொறுக்கச் சொன்னாள், துணிக்குப் பித்தான் போடச் சொன்னாள். அக்கா, “பயறு பொறுக்கத்தான் இனிமே பிழைச்சு எழுந்தேனா?” என்று கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தான் எனக்குச் சொல்லியனுப்பினார். மார்கழியில் மாயவரம் போய் இறங்கினேன்.

போகும்போதே நாலு பெரிய அழி ரப்பரும் ஒரு செதுக்குக் கத்தியும் வாங்கிக்கொண்டு போனேன். உருளைக்கிழங்குபோல் ரப்பர் மறுநாள் சுருங்காது. அக்கா எதிரே உட்கார்ந்து ‘பொங்கல் வாழ்த்து’ என்று ரப்பரில் நேராக எழுதி இரண்டு மணி நேரம் செதுக்கினேன். மையில் தோய்த்து ஒற்றிப் பார்த்தால் எல்லா எழுத்தும் கண்ணாடிக்குள் போனதுபோல் திரும்பி நின்றது. ‘ப’ ஒன்றுதான் எந்தப் பக்கமும் நல்லவனாக நடந்துகொண்டது. அக்கா பார்த்தாள். நோயில் விழுந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“மக்கு! பட்டர் பேப்பர்லே பென்சிலாலே எழுது. ரப்பர் மேலே அதைக் கவுத்துப் போட்டு நகத்தாலே தேய். எழுத்து தானாத் திரும்பி உட்காரும். அப்புறம் செதுக்கு.”

அவள் சொன்னபடி செய்தேன். சரியாக வந்தது. அதற்குப் பிறகு நான் கை, அவள் மூளை. “பானைக் கழுத்திலே இவ்வளவு ஆழம் போகாதே”, “கரும்புக் கணுவிலே மையெடுக்கட்டும், விட்டுடு” என்று பக்கத்திலிருந்து அதட்டுவாள். வெண்டைக்காயை மட்டும் ரப்பரில் செதுக்க அவள் சம்மதிக்கவில்லை. அது நிஜக் காயாகத்தான் இருக்கவேண்டுமாம்.

சாயம் பூசுவது அவள் பொறுப்பு என்று நானாகத் தீர்மானம் செய்தேன். அட்டை நகராதபடி நாலு மூலையிலும் டேப் ஒட்டி மேஜையோடு சேர்த்துவிட்டேன். மெல்லிய தூரிகைக் காம்பு அவள் பிடிக்கு நிற்கவில்லை. பிஸியோதெரபிப் பெண் ஒரு பழந்துணியைச் சுற்றி அதைத் தடிக்கச் செய்து கொடுத்தாள். அப்புறம் நின்றது. முதல் நாள் ஒரு பானைக்கு மஞ்சள் வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்தபோது அவள் நெற்றியெல்லாம் வியர்வை. மஞ்சள் பானையை விட்டு வழிந்து கரும்புக்குள் புகுந்திருந்தது. நான் குட்டவில்லை.

பெட்டி செய்வது மாலை வேலை. சதுர அட்டையின் நாலு முனையையும் நடுவுக்கு மடித்து, பக்கங்களையும் நடுவுக்கு மடித்துப் பிரித்துத் தூக்கி நிறுத்தினால் பெட்டி. அடிப்பாகத்துச் சதுரம் மூடிச் சதுரத்தைவிட அரை சென்டிமீட்டர் குறைச்சலாக இருந்தால் மூடி இறுக்காமல் உட்காரும். ஒரு சூட்சுமம் தெரியாமல் முதல் பெட்டியைப் பாழாக்கினேன்: மடித்த பெட்டி, அட்டைக்கு மூலைவாட்டில் நிற்கிறது. ஆகவே படத்தையும் மூலைவாட்டில் ஒற்றவேண்டும். நேராக ஒற்றிய என் பானை, பெட்டி மேல் சாய்ந்து பொங்கலைக் கொட்டப் பார்த்தது. மற்றவை சரியாக வந்தன. எள்ளுருண்டை வைத்து முதல் பெட்டியைப் பிஸியோதெரபிப் பெண்ணுக்குக் கொடுத்தோம்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும்.

பட்டியல் அப்பாவுடையதுதான். ஆட்கள் மாறியிருந்தார்கள், தகப்பன் பேருக்குப் பதில் பிள்ளை பேர். ஆனால் 32 வீடு அப்படியே இருந்தது. அட்டைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது பதினோரு அட்டைகளை நான் தனியே எடுத்து வைத்தேன். அவற்றில் சிவப்பு கோட்டைத் தாண்டி எங்கெங்கோ போயிருந்தது. ஒன்றில் தூரிகை தவறி விழுந்த கறை. இதைப் பார்த்து யாராவது ‘ஐயோ பாவம்’ என்பார்களே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் தூங்கின பிறகு புதிதாகப் பதினோரு அட்டைகள் ஒற்றி, நானே ஒழுங்காகச் சாயம் பூசி உறையில் வைத்துவிட்டேன். பழையவற்றை என் பைக்குள் துணிகளுக்கு அடியில் செருகினேன்.

காலையில் அக்கா உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒட்டாத உறை, பழைய பழக்கம். பார்த்துவிட்டு ஒன்றை மேஜைமேல் போட்டாள்.

“இது என் கை இல்லையே. இத்தனை நேராப் பூச இப்ப எனக்கு வராது. என்னது எங்கே?”

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். கொடுத்தவனுக்கே திருப்தியில்லாத சமாதானம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“பெரியப்பா சிரிச்சார்டா. சிரிச்சுட்டுப் போயிட்டார். அப்பாதான் மறு வருஷம் கடை அட்டை வாங்கிட்டு வந்தார். எனக்கு எது வலிச்சுதுன்னு நினைக்கிறே?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பாவைப் பற்றி நான் இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் அவர்தான் குற்றவாளி. அப்பா அன்றைக்குக் கடன்பட்டது எங்கள் கௌரவத்துக்காக என்றுதான் இத்தனை வருஷமாக எண்ணியிருந்தேன். அவரும் இப்படித்தான், பாசத்தினால்தான், அக்காவின் கை வேலையைப் பேரேட்டுக்கு அடியில் ஒளித்திருக்கிறார் என்பது அந்தக் காலை வேளையில், என் பையிலிருந்து பதினோரு அட்டைகளை வெளியே எடுக்கிறபோதுதான் உறைத்தது.

உறைகளைப் பிரித்து மாற்றி வைத்தோம். கறை விழுந்த அட்டையைத் திருச்சிக்கு, பெரியப்பா மகன் பேருக்கு, அக்காவே எடுத்து வைத்தாள். “அவன் பார்க்கட்டும்” என்றாள். அதில் பழி வாங்குகிற குரல் இருந்ததாகத் தோன்றவில்லை. 32 உறைகளையும் நான் தபாலாபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். திருச்சியிலிருந்து பதில் வரவில்லை. வேறு சிலரிடமிருந்தும் வரவில்லை. இந்தக் காலத்தில் வாழ்த்துக்குப் பதில் போடவேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் ஊருக்குப் புறப்படும்போது அக்கா வாசல் வரையில் வந்தாள். வலது கையை நிலைப்படியில் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷத்துக்கு மாடு செதுக்குடா. மாட்டுப் பொங்கலுக்கு மாடு இல்லாம என்ன?”

“மாடா?” என்று தயங்கினேன். ஓவியர் சமாசாரத்தைச் சொன்னேன்.

“கட்டிலாவே இருக்கட்டும். நான் சாயம் பூசி மாடாக்கிடறேன், நீ செதுக்கு” என்றாள்.

ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.