கணினியின் பிறந்த தேதி

கணினிப் பராமரிப்பு என்றாலே தூசிப் புராணம்தான். ஃபேனில் படிந்த தூசி, கீபோர்டு இடுக்கில் முறுக்குத் தூள், அவ்வப்போது ஒரு வைரஸ் ஸ்கேன். ஆயுத பூஜையன்று கேபினெட்டுக்குச் சந்தனப் பொட்டு வைப்பதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மதர்போர்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டன் செல்லை யாரும் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை.

மெக்கானிக்குகள் அதை 'சிமாஸ் பேட்டரி' என்பார்கள். கடையில் சிஆர்2032 என்று கேட்க வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கரண்ட் போன பிறகும் கணினிக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது இதன் தயவில்தான். கைக்கடிகாரத்தில் இருக்கிற அதே குவார்ட்ஸ் துணுக்கு, நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்றில் வந்து நிற்கும், போட்டுப் பாருங்கள்.

செல் தீர்ந்துவிட்டால் கணினி பெரும்பாலும் படுத்துவிடுவதில்லை. அதுதான் வம்பே. காலையில் போட்டதும் என்றைக்கோ போன ஒரு வருஷத்தை இன்றைய தேதி என்று காட்டும். வங்கித் தளத்துக்குப் போனால் பாதுகாப்பில்லை என்று கதவைச் சாத்தும். தளத்தின் சான்றிதழ் செல்லுபடியாகும் நாள், இதன் கணக்கில் இன்னும் வரவே இல்லையே! வீட்டில் எல்லாரும் நெட்டைத் திட்டுவார்கள்.

நான் பழகிய பிசியில் இந்தச் செல்லே கிடையாது. போட்டதும் கறுப்புத் திரையில் டாஸ் தேதி கேட்கும், நேரம் கேட்கும். 1984இல் வந்த ஐபிஎம் ஏடியில்தான் பேட்டரிக் கடிகாரம் போர்டிலேயே இடம்பிடித்தது. எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டருக்கு அந்தப் பாக்கியம் வர வெகுகாலம் ஆயிற்று. தேதி அடிக்க யாருக்குப் பொறுமை? எண்டரைத் தட்டிவிடுவோம். 1980 ஜனவரி 1 என்று டாஸ் எடுத்துக்கொள்ளும். அங்கே படித்த அத்தனை பேருடைய ஃபைல்களுக்கும் அதே பிறந்த நாள்.

எங்கள் அப்பாவின் கதையும் இதேதான். பாட்டி கணக்கில் அவர் பிறந்தது தை மாதம், அறுப்பு முடிந்து களத்தில் நெல் கிடந்தபோது. வருஷம் அவளுக்குத் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர், "வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடுடா" என்றாராம். விரல் நுனி பட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமென்று மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிட்டார். அந்த ஊரில் அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கும் மே மாதம்தான். அப்பாவுக்கு வேலை, பென்ஷன் எல்லாம் அந்தத் தேதியில்தான் நடந்தது. 58 வயதில் ஓய்வு என்றிருந்த காலம். மே 31 அன்று அவர் அலுவலகத்தில் மாலைகளுக்கே தட்டுப்பாடு வந்துவிடும். "ஒரு வருஷச் சம்பளத்தை ஹெட்மாஸ்டர் சாப்பிட்டுட்டார்டா" என்பார், கோபமே இல்லாமல்.

ஹெட்மாஸ்டர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் இருந்தது. 'தெரியாது' என்று எழுத அதில் இடமில்லை. செல் போன கணினிக்கும் இதே கதிதான். ஏதாவது ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும், சொல்கிறது, அதுவும் நம்மைவிடத் தைரியமாக.

இடிக்குப் பயந்து ராத்திரிதோறும் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் வீட்டில் இந்தச் செல் சீக்கிரம் தீரும். பிளக் இருந்து சுவிட்சும் போட்டிருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் அந்தக் கடிகாரத்துக்குக் கரண்ட் கிடைத்துக்கொண்டிருக்கும். அதற்காக இடி மழையில் பிடுங்காமல் இருக்காதீர்கள், செல் மலிவு.

மாற்றுவது சுலபம். பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு, கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது எம்பி வரும். கூட்டல் குறி மேலே தெரியப் புதியதை அழுத்துங்கள். தேதியைச் சரிசெய்யுங்கள்.

கழற்றிய செல்லை மட்டும் மேஜைமேல் வைத்துவிடாதீர்கள். தீர்ந்துபோனது என்றாலும் அதில் மிச்சம் இருக்கும். தவழும் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். செலோ டேப்பைச் சுற்றி, எட்டாத இடத்தில் வைத்து, மின்குப்பை வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.