நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே

பாடகர் குழு ஒத்திகையில் "வயிற்றிலிருந்து பாடுங்கோ" என்று அக்கா சொல்லும்போது, அவர் சொல்வது உண்மையில் வயிற்றை அல்ல. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே கூடாரம்போல் விரிந்திருக்கும் ஒரு தசையை. இலங்கையில் படித்த எங்கள் பெற்றோருக்கு அது பிரிமென்றகடு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உதரவிதானம். அது கீழிறங்கினால் காற்று உள்ளே வரும், மேலேறினால் வெளியே போகும்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அடிபட்டது மாமாவால்தான். வோபர்னில், மார்க்கம் வீதிச் சந்தி ஒன்றில், அவர் ஓட்டிய காரின் இடப்பக்கத்தில் இன்னொரு கார் வந்து மோதியது. விலா எலும்பு இரண்டு முறிந்து ஆறின. வேலைக்கும் போனார். அடுத்த வருடம், சாப்பிட்டவுடன் மூச்சு வாங்கத் தொடங்கியது. படுத்தால் இன்னும் கூடியது. வாய்வு என்று மாமி மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தார். குடும்ப வைத்தியர் இடது நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபோது மூச்சுச் சத்தம் குறைவாக இருந்தது. குடல் இரையும் சத்தம் அங்கே கேட்டது! சிடி ஸ்கானில் பார்த்தால், இரைப்பையில் பாதியும் பெருங்குடலில் ஒரு வளைவும் நெஞ்சுக்குள்.

வெளியே ஒரு கீறலும் இல்லாமல் இது எப்படி? மோதும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஒரு கணத்தில் ஏறுகிறது. நெஞ்சுக்கூடு பக்கவாட்டில் நசுங்க, தசை இழுபட்டுக் கிழிகிறது. வலப்பக்கத்தை ஈரல் மெத்தைபோல் தாங்குவதால் இடப்பக்கக் கிழிவுகளே அதிகம் காணப்படுகின்றன. கிழிந்தது தானாக மூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைய, வயிற்று உறுப்புகள் மெல்ல மெல்ல மேலே இழுபடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆபத்து, குடல் அந்த ஓட்டையில் நெரிபட்டு இரத்தவோட்டம் நின்றால்தான். 1579இலேயே பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் அம்புறுவாஸ் பரே இப்படி ஒரு மரணத்தை எழுதிவைத்திருக்கிறார்: சூடுபட்டு மாதங்கள் கழித்து இறந்த படைத்தலைவர் ஒருவர், ஓட்டையோ விரல்நுனி அளவு.

விபத்து நடந்தவுடன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் வயிற்றைத் திறப்பார்கள், ஏனென்றால் மண்ணீரலும் ஈரலும் கூடவே காயப்பட்டிருக்கலாம். உறுப்புகளைக் கீழே இறக்கி, கரையாத தடித்த நூலால் கிழிவைத் தைப்பார்கள். இடைவெளி பெரிதென்றால் வலைத்துணி. மாமாவுக்குக் காலம் கடந்து குடல் நுரையீரலோடு ஒட்டியிருந்ததால் நெஞ்சு வழியாகத்தான் போனார்கள். சில நாட்கள் விலாவில் ஒரு குழாய். இருமச் சொன்னால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமுவார்.

ஒன்ராறியோவில் 1976 ஜனவரி 1 முதல் ஆசனப்பட்டி கட்டாயம். கனடாவிலேயே முதலில் கொண்டுவந்தது இந்த மாகாணம்தான். ஆனால் ஞாயிறு காலைகளில் சேலை கசங்கும் என்று தோள்பட்டியை அக்குளுக்குக் கீழே விடும் அன்ரிமாரை நான் தாராளமாகப் பார்க்கிறேன். அப்படிப் போட்டால் மோதலின் பலம் முழுக்கக் கீழ் விலாவிலும் வயிற்றிலும் இறங்கும். அவர்களை ஏற்றிக்கொண்டு வருவது நாங்கள்தானே, தம்பி தங்கைமாரே. பட்டி சரியாகும்வரை காரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தத் தசையின் நரம்பு கழுத்திலிருந்து வருவதால், நோவு சிலவேளை தோளில் தெரியும். விபத்துக்குப் பிறகு தோள்நோவோ மூச்சுத்திணறலோ வந்தால், விபத்து எத்தனை வருடம் பழையதானாலும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மாமா இப்போது பல் வைத்தியரிடம்கூட அதைத்தான் முதலில் சொல்கிறார். மாமிக்குத்தான் வெட்கமாக இருக்கிறதாம்.