காப்பிக்கொட்டையும் கடற்காற்றும்

எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போனவர்கள் சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்தான். உப்பு விளையும் ஊர்க்காரருக்குக் காப்பியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. காப்பிக்கொட்டைக்கும் உப்புக்கும் ஒரே எதிரி, ஈரம். அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டியே வாழ்கிற ஊர் எங்களுடையது!

நான் படிப்பது பி.காம். என் வகுப்பில் ஒரு நண்பன் கீழ்ப்பழனி மலைக்காரன். அவன் வீட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அவனோடு பேசப் பேசத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நல்ல காப்பி என்றால் நல்ல செடி, நல்ல மண், நல்ல உயரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி பழத்தைப் பறித்த பிறகு நடக்கிறது. செடி கொடுத்த தரத்தை அதற்குப் பிறகு யாராலும் கூட்டிவிட முடியாது. கெடுக்க மட்டும் எல்லோராலும் முடியும்.

பழத்திலிருந்து கொட்டை வரை

காப்பிப் பழம் சிவப்பாக, இனிப்பாக இருக்கும். உள்ளே இரண்டு கொட்டைகள் முகம் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே தோல், அதற்கடியில் சதை, பிறகு வழவழப்பான ஒரு பசை, அதற்குள் காகிதம் போன்ற ஒரு கூடு, கடைசியாக வெள்ளி நிறத்தில் மெல்லிய சவ்வு. இத்தனையையும் தாண்டித்தான் கொட்டை.

இதைப் பக்குவப்படுத்த நம் நாட்டில் இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பழத்தை அப்படியே களத்தில் கொட்டிக் காய வைப்பது. இதைச் 'செர்ரி' என்பார்கள். இன்னொன்று, பறித்த அன்றே மெஷினில் தோலை உரித்து, தொட்டியில் போட்டுப் பசையைப் புளிக்க வைத்து, கழுவி, கூட்டோடு காய வைப்பது. இது 'பார்ச்மென்ட்'. இரண்டிலும் சிக்கல் உண்டு.

பார்ச்மென்ட்டில் புளிக்க வைப்பதுதான் கத்தி மேல் நடப்பது. அரபிகா கொட்டைக்கு ஏறக்குறைய ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் ஆகும். குளிர் அதிகமென்றால் நேரம் கூடும். குறைவாகப் புளித்தால் பசை போகாது, காயும்போது அதிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அதிகமாகப் புளித்தால் கொட்டையில் புளிப்பு வாடை ஏறிவிடும். தோசை மாவு வைக்கிற எந்த அம்மாவுக்கும் இது சொல்லாமலே புரியும். தோல் உரிக்கும் மெஷினைத் தினமும் கழுவ வேண்டும். முதல் நாள் மாட்டிக்கொண்ட நாலு கொட்டை அழுகி, மறுநாள் சரக்கோடு கலந்துவிட்டால் அந்த நாற்றம் வறுத்த பிறகும் போகாதாம். ஒரு குடம் பாலுக்குத் துளி விஷம் கதைதான்.

செர்ரியில் வேறு பிரச்சினை. முழுப் பழமாக இருப்பதால் காய நாளாகும். நடுவில் ஒரு மழை வந்தால் போதும், குவியலின் அடியில் சூடு ஏறிப் பூஞ்சணம் ஆரம்பித்துவிடும்.

மழையோடு வரும் அறுவடை

இங்கேதான் தமிழ்நாட்டுக் கதை தனியாகப் பிரிகிறது. நாட்டின் காப்பியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. அங்கே பெரும்பாலும் பனி, வெயில் காலத்தில் கொட்டை காய்கிறது (இப்போதெல்லாம் அங்கேயும் பருவம் தப்பி மழை பெய்கிறது, அது வேறு விஷயம்). நம் பழனி மலையிலும் சேர்வராயன் மலையிலும் பழம் சிவக்கிற நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். பழம் காத்திருக்காது. பறிக்காவிட்டால் உதிரும், பறித்தால் காய வைக்க வெயில் இல்லை.

என் நண்பன் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை என்றால் எல்லோருக்கும் தார்ப்பாய் வேலைதானாம். மேகம் கறுத்தால் ஓடிப் போய் மூடு, வெளுத்தால் ஓடிப் போய்த் திற. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அதே மாதங்களில் உப்பு அம்பாரத்துக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருப்பார்கள். தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கி வெயில் முழுக்க வாரிய உப்பை, அந்த மழை கரைத்துக்கொண்டு போகாமல் காப்பாற்ற வேண்டுமே! 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் உப்பளங்களைப் புரட்டிப் போட்டுவிட்டு, அப்படியே மேற்கே போய்க் கொடைக்கானல் மலையில் காப்பிச் செடிகளையும் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது உப்பளம் எது, கடல் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். மலையும் கடலும் ஒரே வானத்தை நம்பித்தான் இருக்கின்றன.

பத்து சதவீதத்தின் அருமை

பறித்த பழத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதைக் காய வைத்து எந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று காப்பி வாரியம் சொல்லியிருக்கிறது. பார்ச்மென்ட் 10 சதவீதம், அரபிகா செர்ரி 10.5, ரொபஸ்டா செர்ரி 11. அரை சதவீதத்துக்கெல்லாம் இவ்வளவு கணக்கா என்று நானும் நினைத்தேன். காரணம் இருக்கிறது.

ஈரம் 12.5 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளர வழி பிறக்கிறது. சில பூஞ்சணங்கள் 'ஆக்ராடாக்சின் ஏ' என்ற நச்சை உண்டாக்கும். சிறுநீரகத்துக்குக் கெடுதல். வறுத்தால் குறையும், முழுதாகப் போகாது. வறுத்த காப்பியில் இது கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் வரம்பு வைத்தது. 2023 முதல் அதையும் 3 ஆகக் குறைத்துவிட்டது. ஆக, மலையில் ஒரு களத்தில் சரியாகக் காயாத மூட்டை ஐரோப்பியத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

பூச்சி இன்னொன்று. காய்த் துளைப்பான் வண்டு இந்தியாவில் முதன்முதலில் 1990-இல் நம் கூடலூரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரமான கொட்டைக்குள் இது கிடங்கிலும் இனம் பெருக்கும். நன்றாகக் காய்ந்த கொட்டையில் அதன் பாச்சா பலிக்காது.

அதற்காக அளவுக்கு மீறிக் காய வைத்தாலும் தப்பு. கொட்டை நொறுங்கும், எடையும் போகும். சரியாகக் காய்ந்த பிறகும் வேலை முடியவில்லை. காப்பிக்கொட்டை காற்றிலிருந்து ஈரத்தையும் வாடையையும் சேர்த்தே இழுக்கும். மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது, மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். சுவரை ஒட்டக் கூடாது. பக்கத்தில் உரம், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இருக்கக் கூடாது. சாக்கிலேயே எண்ணெய் வாடை இருந்தால் அதுவும் ஏறும். கூட்டை உடைக்காமல் பார்ச்மென்ட்டாகவே வைத்திருந்து, விற்கிற சமயத்தில் க்யூரிங் ஒர்க்ஸில் கொடுத்து உடைப்பது நல்லது என்பார்கள். கூடு கொட்டைக்குச் சட்டை மாதிரி. சட்டை கழற்றிய கொட்டை ஈரமான இடத்தில் கிடந்தால் பச்சை நிறம் வெளுத்து, ருசியும் செத்துப் போகும்.

ஈரமே சரக்கான கதை

இவ்வளவு சொல்லிவிட்டு 'மான்சூன்டு மலபார்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாய்மரக் கப்பல் காலத்தில் மேற்குக் கடற்கரையிலிருந்து காப்பி ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர ஆறு மாதம் வரை ஆகும். வழியெல்லாம் கடல் ஈரம் குடித்துக் கொட்டை உப்பிப் பொன்னிறமாகி, புளிப்புக் குறைந்து வேறொரு ருசிக்கு வந்துவிடும். அங்குள்ளவர்கள் அதற்கே பழகிவிட்டார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல்களும் வந்தன, பயண நாள் சுருங்கியது. பழைய ருசி காணோம்!

அதனால் அந்தக் கடற்பயணத்தைக் கரையிலேயே நடத்த ஆரம்பித்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மங்களூர்ப் பக்கம், பக்கச் சுவர் திறந்த கிடங்குகளில் செர்ரிக் கொட்டையைப் பரப்பி, அடிக்கடி கிளறி, சாக்கில் இடைவெளி விட்டு அடைத்து, மறுபடி கொட்டி, மறுபடி அடைத்து, பருவக்காற்றைக் குடிக்க வைக்கிறார்கள். 2008-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படியென்றால் ஈரம் நல்லதா? இல்லை. அங்கே முதலில் கொட்டையை முறையாகக் காய வைத்து, தரம் பிரித்து, பிறகு மாதக்கணக்கில் ஆள் போட்டுக் கவனித்து ஈரத்தை ஏற்றுகிறார்கள். களத்தில் அரைகுறையாகக் காய்ந்து கிடப்பது அந்த வகையில் சேராது. மரக்காணத்தில் ஒரு கிடங்கு போட்டு நாமும் செய்யலாமே என்று எனக்கு ஒரு வியாபார யோசனை கூட வந்தது :-) பெயர் மலபார் கரைக்குச் சொந்தம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே கொட்டை உப்புகிற அதே ஜூன் முதல் செப்டம்பரில் எங்களுக்கு வெயில் கொளுத்தும், உப்பு விளையும். நமக்கு மழை வரும்போது புயலாக வரும். அதை நம்பி எந்தச் சரக்கையும் பரப்ப முடியாது.

பி.காம். மூளைக்கு எட்டியது

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போடுங்கள். 13 சதவீத ஈரத்தில் 1000 கிலோ பார்ச்மென்ட் இருக்கிறது. இதை 10 சதவீதத்துக்குக் காய வைத்தால் எடை சுமார் 967 கிலோ. அதாவது ஒழுங்காகக் காய வைத்த விவசாயிக்கு 33 கிலோ 'நஷ்டம்'. வாங்க வருகிறவர் ஈரம் அளக்காமல் எடைக்கு மட்டும் காசு கொடுத்தால், யார் கஷ்டப்பட்டுக் காய வைப்பார்கள்? தரம் கெடுவதற்கு அறியாமையைவிட இந்த விலை முறைதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

முன்பு நிலைமை வேறு. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பி வாரியம் எல்லோருடைய காப்பியையும் ஒரே தொகுப்பில் வாங்கி விற்றது. பணம் தவணை தவணையாக வரும். 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-இல் முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள். எப்போது விற்பது, யாருக்கு விற்பது என்பது விவசாயியின் இஷ்டம். நல்லதுதான். ஆனால் அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்கக் களம் வேண்டும், கிடங்கு வேண்டும், சரக்கு கைவசம் இருக்கும் வரை வீட்டுச் செலவுக்குக் காசு வேண்டும். பெரிய தோட்டங்களுக்கு எல்லாம் உண்டு. என் நண்பன் வீட்டுக்குச் சிமெண்ட் களமே கிடையாது. மழை அடம் பிடித்தால் பறித்த பழத்தை அன்றன்றைக்கே எடை போட்டு வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் சொல்வதுதான் விலை. பேரம் பேசினால் நாளைக்குப் பழம் அழுகும். இது அவருக்கும் தெரியும்!

எங்கள் ஊரிலும் இதே கதைதான். உப்பு நிறைய விளைகிற காலத்தில் விலை இறங்கும், மழைக்காலத்தில் ஏறும். அம்பாரத்தை மூடி வைத்துக் காத்திருக்க முடிந்தவர் அந்த விலையைப் பார்க்கிறார். முடியாதவர் பாத்தி ஓரத்திலேயே கொடுத்துவிடுகிறார்.

'கிடங்கு காலப் பயன்பாட்டை உருவாக்குகிறது' என்று எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. இரண்டு மார்க் கேள்வி. கிடங்கு ரசீதை அடகு வைத்துக் கடன் வாங்க 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் ஈரமான கொட்டையை வைத்துக்கொண்டு எந்தக் கிடங்கு வாசலில் போய் நிற்பது? காய வைக்க முடிந்தால்தான் சேமிக்க முடியும், சேமித்தால்தான் காலத்தை விற்க முடியும். ஆகையால் சிறு விவசாயிகள் நாலைந்து பேர் சேர்ந்தாவது ஒரு பொதுக் களம், மேலே ஒளி விடும் பிளாஸ்டிக் கூரை, ஒரு ஈரப்பத மீட்டர் என்று அமைத்துக்கொண்டால், அதுவே அவர்களுக்குப் பெரிய முதலீடு. புதுச் செடி வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யலாம் என்பேன்.

வீட்டுக்குச் சில குறிப்புகள்

காப்பித்தூளைக் கிலோக்கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். அரைத்த தூள் சில நாட்களிலேயே மணத்தை இழக்கும். முடிந்தால் வறுத்த கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரமில்லாத கரண்டி போட்டு எடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், ஆவி அடிக்கும். பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள், சட்டப்படி அது 49 வரை இருக்கலாம். சிக்கரி ஈரத்தை நன்றாக இழுக்கும். எங்களைப் போன்ற கடற்கரை வீடுகளில் தூள் கட்டி தட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடைக்காரரை மட்டும் திட்டாதீர்கள், பாவம்!

அடுத்த முறை ஃபில்டரில் டிகாஷன் இறங்கும்போது, மலையில் யாரோ ஒருவர் மேகத்தைப் பார்த்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் குடிக்கிற ருசியில் அந்த ஓட்டத்துக்கும் பங்கு உண்டு. அவருக்குக் கிடைக்கிற விலையிலும் அதற்கு ஒரு பங்கு இருந்தால் நியாயமாக இருக்கும்.