முதலாந் திகதியும் பதினைந்தாந் திகதியும்

படைவீரனுக்குக் கொடுக்கும் சம்பளம் போதாது என்பது எந்த நாட்டிலும் கேட்கும் முறைப்பாடு. மனைவி மக்களோடு வாழும் கீழ்நிலை வீரனைப் பொறுத்தவரை அம்முறைப்பாட்டில் நியாயம் நிறைய உண்டு. ஆனால் நாம் இங்கு எழுதப் புகுவது அவனைப் பற்றியன்று. பதினெட்டுப் பத்தொன்பது வயதில், மணமாகாத தனியனாகப் படையிற் சேர்ந்து, முதன்முறையாகத் தனக்கென்று பணத்தைக் காணும் இளைஞனைப் பற்றியே எழுதுகின்றோம். அவனுக்குச் சம்பளம் போதும். போதுமாயிருந்தும் மாதத்தில் இரண்டு முறை அவன் கை வெறுமையாகி விடுகின்றது.

அமெரிக்கத் தரைப்படையில் இத்தகைய இளைஞன் ஒருவன் எம் குடும்பத்திலேயே இருக்கின்றான். எம் தமக்கையாரின் மகன், அந்நாட்டிலே பிறந்தவன். பட்டாளம் என்ற சொல் எம்மவர் காதில் எப்படி விழும் என்பதை வாசகர் அறிவர். மகன் சேர்ந்த செய்தியைத் தமக்கையார் பல மாதங்கள் ஊருக்குத் தெரிவிக்கவேயில்லை. பின்னர் தெரிவித்தபொழுதும், "தம்பி, துவக்கைப் பற்றிய பயம் எனக்கு மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. அவனுடைய காசுதான் இப்போது பயமாக இருக்கிறது" என்றார். நகைச்சுவையாகச் சொல்கிறார் என்றே நினைத்தோம். அவர் நகைக்கவில்லை.

அந்நாட்டுப் படையில் ஆகக் கீழ்ப்படியில் உள்ளவனின் அடிப்படைச் சம்பளம் 2025 ஏப்ரல் மாதத்தில் 2,319 டொலராயிற்று. அவ்வாண்டு சனவரியில் எல்லோருக்கும் 4.5 வீதமும், ஏப்ரலில் கீழ்ப்படியினருக்கு மட்டும் மேலும் 10 வீதமும் கூட்டியதன் பயன் இது. சம்பளம் மாதத்தில் முதலாந் திகதியும் பதினைந்தாந் திகதியுமாக இரு கூறாக வந்து சேரும். படைமுகாமில் தங்கும் தனியனுக்குப் படுக்கைக்கு வாடகை இல்லை. சாப்பாட்டுக்கென்று ஒரு படி கொடுத்து, அதிற் பெரும்பகுதியைச் சமையற் கூடத்தின் கணக்கிற் பிடித்துக்கொள்வார்கள். நோய் வந்தால் வைத்தியம் இலவசம். காலையில் எதை உடுப்பது என்ற யோசனைகூட இல்லை.

எம் போன்ற ஆசிரியன் சம்பளம் வாங்கிய அன்றே அது பங்கிடப்பட்டுவிடும். பாற்காரர், மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் தனிவகுப்பு, இரண்டு கலியாணவீடு, ஒரு செத்தவீடு என்று போனது போக மிஞ்சுவதே எம்முடையது. இவ்வாறு கழித்துப் பார்க்கும் பழக்கத்தை எமக்கு யாரும் கற்பிக்கவில்லை, கடன்காரர் கற்பித்தார்கள். அந்த இளைஞனுக்கோ கழிப்பதற்கு ஒன்றுமில்லை. வந்த பணம் முழுவதும் கைச்செலவுக்கான பணம். வாடகை கொடாதவன் வாடகையின் அருமையை எப்படி அறிவான்? அவனை ஊதாரி என்று ஏசுவது எளிது. எண்ணிச் செலவு செய்யவேண்டிய தேவை ஒருநாளும் வராதபடி அவனுடைய நாட்களை ஒழுங்கு செய்துவிட்டு, ஏன் எண்ணவில்லை என்று கேட்பது பொருத்தமாக எமக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. தரைப்படையின் தொடக்கப் பயிற்சி பத்து வாரம். அந்தப் பத்து வாரமும் செலவு செய்ய இடமுமில்லை, நேரமுமில்லை. சம்பளம் வங்கியிற் சேர்ந்துகொண்டே இருக்கும். பயிற்சி முடிந்து வெளியே வரும்பொழுது, தன் தகப்பனார் பத்தொன்பது வயதிற் கண்டிராத ஒரு தொகையை அவன் காண்கிறான். கூடவே இரண்டரை மாதம் பிறர் ஏவலுக்கு எழுந்து பிறர் ஏவலுக்கு உறங்கிய அலுப்பும் இருக்கிறது. தன் விருப்பப்படி ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்ற தாகம் அது. அந்தத் தாகத்திற்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டுக்கொண்டு வாயிலில் நிற்பவர் பலர்.

எம் மருமகன் இருக்கும் முகாம் டெக்ஸாஸ் மாநிலத்திலே கில்லீன் நகரை ஒட்டிய ஃபோர்ட் ஹூட். முகாமை விட்டு வெளியே வந்தால் மோட்டார்க்கார் விற்பவர், அடைவு பிடிப்பவர், சம்பள நாள்வரை கைமாற்றுக் கொடுப்பவர், பச்சை குத்துபவர் என்று கடைகள் வரிசையாக இருக்கும் என்றான். படைமுகாம் உள்ள ஊர்கள் பலவற்றில் இதே காட்சிதான். வாங்குபவனின் சம்பளம் எவ்வளவு என்பது அட்டவணையாக அச்சிட்டு வெளியான செய்தி. அது வரும் திகதியும் தெரியும். வேலையை விட்டு ஓட முடியாதவன் என்பதும் தெரியும். ஒரு வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சென்ற நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அவன் விடுமுறையில் எம் வீட்டிற்கு வந்திருந்தான். ஆண்டிற்கு முப்பது நாள் விடுமுறை அவர்களுக்கு உண்டு. தாயார் முன்னரே தொலைபேசியில் எம்மிடம் சொல்லியிருந்தார்: புதுக் கார் ஒன்றுக்கு ஒப்பமிடப் போகிறான், நீ சொன்னாற் கேட்பான் என்று. நாம் புத்திமதி சொல்லத் தொடங்கவில்லை. பத்திரத்தைக் காட்டும்படி கேட்டோம். கைத்தொலைபேசியிலே காட்டினான். விலை 30,000 டொலர், வட்டி ஆண்டுக்கு 20 வீதம், 72 மாதம். விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் கணக்குக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் இருவருமாகக் கணித்தோம். மாதக் கட்டணம் ஏறக்குறைய 719 டொலர். எல்லாம் முடியும்போது கொடுத்திருப்பது 51,700 டொலருக்குச் சற்று மேல். அதே காரை 6 வீத வட்டிக்கு எடுத்தால் மாதம் 497, மொத்தம் 35,800க்குள் அடங்கும். மொத்தத் தொகை பத்திரத்திலே அச்சிட்டுத்தான் இருந்தது. அந்நாட்டுச் சட்டம் அப்படி. விற்பவர் வாயினாற் சொன்னதோ மாதக் கட்டணத்தை மட்டும்.

"மாமா, கார் இல்லாமல் சனி ஞாயிறில் நான் எங்கே போவது? நான் குடிப்பதில்லை, சிகரெட் பிடிப்பதில்லை. இதுவும் வேண்டாம் என்றால் எப்படி?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அது எம் ஊரன்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய்வர இயலாது. கார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கார் வேண்டுமா என்றுதான் கேட்டோம். பேச்சினிடையே அவன் சாதாரணமாகச் சொன்ன ஒரு செய்திதான் எம்மைத் திடுக்கிடச் செய்தது. காரின் முற்பணத்திற்காகத் தன் சேமிப்பு நிதிக்குச் சம்பளத்திற் பிடிப்பதை நிறுத்திவிட்டானாம்.

அந்த நிதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அமெரிக்கப் படையில் இருபது ஆண்டு இருந்தவனுக்கே ஓய்வூதியம். நான்கைந்து ஆண்டில் விலகுபவன் வெறுங்கையோடு போவான். அவ்வாறு போவோரே பெரும்பாலோர். 2018 முதல் புதிதாகச் சேர்வோருக்கு இம்முறை மாற்றப்பட்டது. வீரன் அடிப்படைச் சம்பளத்தில் 5 வீதம் நிதியில் இட்டால், முதல் இரண்டு ஆண்டு அரசு 1 வீதமும், அதன்பின் 5 வீதம் வரையும் தன் பங்காக இடும். எம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியை ஒத்தது என்று கொள்ளலாம். அங்கே ஊழியன் தன் பங்கை நிறுத்தவும் முடியும் என்பது பெரிய வேற்றுமை. 2020 ஒக்டோபர் முதல், சேர்பவனைக் கேளாமலே 5 வீதம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். வேண்டாமென்று நிறுத்தியவனுக்கும் அடுத்த சனவரியில் தானாகவே மறுபடி தொடங்கும். மனித இயல்பை நன்கறிந்த யாரோ எழுதிய விதி அது. எம் மருமகனுக்கு இரண்டாண்டு நிறைவுற இருந்த நேரம். அரசின் முழுப் பங்கு வரவேண்டிய வேளையில் வாசலை அடைத்துக்கொண்டிருந்தான்.

பணம் கைக்கு வருமுன் அதிலொரு பகுதியை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பது புதிய யோசனையன்று. உரோமப் படைகளைப் பற்றி எழுதிய வெஜீஷியஸ் என்பவர், வீரருக்குக் கிடைக்கும் பரிசுப் பணத்திற் பாதி படைக்கொடியின் அருகே வைப்பாக வைக்கப்பட்டது என்கிறார். கையிற் கொடுத்தால் வீண் களியாட்டத்தில் அழிந்துவிடும் என்பது ஒரு காரணம். தன் பணம் கொடியடியில் இருக்கிறது என்று நினைப்பவன் கொடியை விட்டு ஓடமாட்டான் என்பது மற்றொன்று. பத்துப் பிரிவுகளுக்குப் பத்துப் பைகள். பதினோராவது பையில் எல்லோரும் சிறிது இட, அது இறந்தவரின் அடக்கச் செலவுக்கு. எம் கிராமங்களில் மரணச் சகாய நிதி நடத்துவோர் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். இதற்கு மறுபக்கமும் இருந்தது. கி.பி. 89இல் தளபதி ஒருவன் கலகம் செய்தான். படைவைப்புப் பணம் அவனுக்குத் துணையாயிற்று என்று கருதிய தொமிஷியன் சக்கரவர்த்தி, ஒருவன் ஆயிரம் செஸ்டர்ஸுக்கு மேல் வைக்கலாகாது என்று கட்டளையிட்டான்.

அமெரிக்காவிலும் 1872ஆம் ஆண்டுச் சட்டம், வீரன் தன் மிச்சப் பணத்தைச் சம்பள அதிகாரியிடம் ஒப்படைத்து 4 வீத வட்டி பெற வழி செய்தது. படையை விட்டு ஓடினால் பணம் போயிற்று! வியட்நாம் யுத்த காலத்தில், 1966இல், நாட்டுக்கு வெளியே பணியில் இருப்போருக்கு 10,000 டொலர் வரை 10 வீத வட்டி தரும் திட்டம் வந்தது. தாய்நாட்டை விட்டுத் தூரத்திலிருந்தாலே அந்த வட்டி என்பதை நினைக்க எமக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே தாய்க்கோ வங்கிக்கோ அனுப்பிவிடும் ஒழுங்கும் அங்கே நெடுங்காலமாக உண்டு. ஆனால் அதே குழாயில் வியாபாரிகளும் வாய் வைத்தார்கள். கடனுக்குப் பொருள் விற்று, தவணையைச் சம்பளத்திலிருந்தே நேரே வரும்படி எழுதி வாங்கினார்கள். ஆகவே 2015 சனவரி முதல் கார், மின்சாதனம் முதலிய பொருள் வாங்குவதற்கு அவ்வழியைப் பயன்படுத்தலாகாது என்று பாதுகாப்புத் திணைக்களம் தடுத்தது. கைமாற்றுக் கடனிலும் இதே கதை. நூறு டொலருக்கு இரண்டு வாரத்தில் பதினைந்து டொலர் என்றால் சிறிதாகத் தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 390 வீதம். எம்மவர் இதனை அறாவட்டி என்பர். 2006இல் இயற்றிய சட்டம் படைவீரர் கடனுக்கு 36 வீதத்தை உச்ச எல்லையாக்கியது. ஆனால் வாங்கும் காரையே ஈடாக வைக்கும் கார்க்கடன் அச்சட்டத்துள் அடங்காது. படையிற் சேருமுன் பட்ட கடனுக்கு 6 வீத வட்டி எல்லை உண்டு. சேர்ந்தபின் பட்டதற்கு இல்லை. முகாம் வாயிலிலே கார் விற்பவருக்கு இவ்விரண்டும் நன்றாகத் தெரியும்.

அவசரத்துக்கு உதவ 1942இல் நிறுவிய தரைப்படை நிவாரண நிதி இருக்கிறது. வட்டியில்லாக் கடன் தரும். ஆனால் பையன்கள் அங்கே போக வெட்கப்படுகிறார்களாம். தம்மவரிடம் கேட்க வெட்கம், அந்நியனிடம் 390 வீதம் கொடுக்க வெட்கமில்லை. யாழ்ப்பாணத்துப் பிறவி என்று இதற்காகவே அவர்களை ஏற்றுக்கொள்ளலாம் போலும்!

எம் மருமகனை அசைத்தது வட்டிக்கணக்கும் அன்று, உரோமரும் அன்று. அவனுடைய வேலை செய்தித் தொடர்புப் பிரிவில். இரகசியங்களைக் கையாள அனுமதி வேண்டும். கடன் கட்டத் தவறியவனின் அனுமதியை மீளாய்வு செய்வார்கள், பறிக்கவும் கூடும். அவனுடைய கூட்டாளி ஒருவனுக்கு அப்படி நேர்ந்திருந்தது. அதைத் தானே சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு கொப்பித்தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் திரும்பிச் சென்றபின் தமக்கையார் சொன்னது: நிதிக்கு மறுபடியும் 5 வீதம் பிடிக்கச் செய்துவிட்டான், பதினைந்தாந் திகதிச் சம்பளம் முழுவதையும் தாயார் பெயரும் சேர்ந்த கணக்கிற்குப் போகும்படி எழுதிவிட்டான். முதலாந் திகதிப் பணத்தில் மாதத்தை ஓட்ட வேண்டும். முதல் மாதம் பதினெட்டாந் திகதியே தொலைபேசியில் கெஞ்சினானாம். தாயார் இருபது டொலர் அனுப்பினார். அவன் கேட்டது இருநூறு. ஐந்து மாதம் கூட்டாளிகளின் காரில் பெற்றோலுக்குப் பங்கு கொடுத்துத் திரிந்தான். அதன்பின், வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போன ஒருவனிடம் பதினான்கு வயதான டொயோட்டா ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினான். படம் அனுப்பியிருந்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறவாதாம்; கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டுமாம்.